எந்த உடம்புக்கு எவ்வளவு கல்லீரல்?

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறந்தபோது அதன் தெற்குக் கடைசி நிலையமாக அமைந்த ஊர் பொம்மசந்திரா. ஓசூர்க்காரர்களுக்கு அந்த ஊர் மெட்ரோவுக்கு முன்பே பழக்கம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தொழிற்பேட்டை, ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள், அவற்றுக்கு நடுவே நாராயணா ஹெல்த் சிட்டி. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தேவி ஷெட்டி இதய மருத்துவமனையாக ஆரம்பித்தது. இன்று புற்றுநோய், சிறுநீரகம், கல்லீரல் என்று பல கட்டடங்களாகப் பெருகியிருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழ்ப் பேச்சு அங்கே காத்திருக்கும் கூடங்களில் தாராளமாகக் காதில் விழும்.

அங்கே மட்டுமல்ல, கல்லீரல் மாற்று அறுவை நடக்கிற எந்த ஊரிலும் குடும்பத்தார் முதலில் கேட்பது ரத்த வகை சேருமா என்றுதான். அடுத்த கேள்வி, "நான் குடுத்தா அவருக்குப் பத்துமா டாக்டர்?" முதல் கேள்விக்கு ஒரு சொட்டு ரத்தம் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கான பதில் தொடங்குமிடம் விலையுயர்ந்த ஸ்கேன் கருவி என்று நினைத்தால், இல்லை. உயரம் அளக்கும் கோலும் எடை பார்க்கும் மெஷினும்தான் தொடக்கம்.

இது பழைய காலத்துப் பழக்கத்தின் மிச்சமில்லை, இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கொடுப்பவரின் கல்லீரலை சி.டி. ஸ்கேனில் மெல்லிய அடுக்கு அடுக்காகப் படமெடுத்து, அடுக்குகளைக் கூட்டி, மொத்தக் கனஅளவைச் சொல்லிவிடலாம். வாங்கப்போகிறவருக்கும் ஸ்கேன் எடுக்கிறார்கள். ரத்தக்குழாய்கள் எப்படி இருக்கின்றன, புற்றுக்கட்டி உண்டா என்று பார்க்க அது தேவை. ஆனால் அதில் தெரியும் கல்லீரலின் அளவு இந்தக் கணக்குக்கு உதவாது. சிர்ரோசிஸில் அது சுருங்கிக் கிடக்கலாம், வேறு சில நோய்களில் வீங்கியும் கிடக்கலாம். நோயே இல்லாதிருந்தால் இந்த ஆளுக்கு எவ்வளவு பெரிய கல்லீரல் இருந்திருக்கும் என்பதுதான் நமக்கு வேண்டிய எண். அந்தக் கல்லீரல் எங்கேயும் இல்லை. இல்லாத உறுப்பை எந்த ஸ்கேனும் படம் பிடிக்காது. உடம்பைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்து ஊகிக்க முடியும் என்பதே ஒரு கண்டுபிடிப்பு. 1987-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கல்லீரல் மாற்று அறுவையின் முன்னோடி தாமஸ் ஸ்டார்ஸலின் குழுவினர் சிறிய நாய்களின் கல்லீரலைப் பெரிய நாய்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். போன கல்லீரல் புதிய உடம்புக்கு ஏற்ற அளவுக்கு வளர்ந்தது; வளர்ந்த பிறகு நின்றுவிட்டது. 1992-இல் அதே நகரில் ஒரு நோயாளிக்கு பபூன் குரங்கின் கல்லீரல் பொருத்தப்பட்டது. அவர் 70 நாட்களே உயிரோடு இருந்தார். அந்தக் குறுகிய காலத்துக்குள் குரங்கின் கல்லீரல் மனிதக் கல்லீரலின் அளவை நோக்கிப் பெருத்திருந்தது. கல்லீரல் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதை அது வந்த இடம் முடிவு செய்வதில்லை, சேர்ந்த இடம்தான் முடிவு செய்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம், பித்த அமிலங்கள், வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் சேர்ந்து 'போதும்', 'போதாது' என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த மனிதரில் அந்தப் 'போதும்' ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிலோ வரை, உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு.

ஏறத்தாழ என்பது அறுவைக்கு ஆகாது. அதனால் வாய்பாடுகள் வந்தன.

அவற்றில் பலவும் எடையை நேராக எடுத்துக்கொள்வதில்லை. உடலின் மேற்பரப்பு என்ற ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. உடம்பு எரிக்கும் ஆற்றல் எடையைவிடத் தோலின் பரப்போடு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்பது 19-ஆம் நூற்றாண்டு உடலியங்கியலின் கருத்து. கல்லீரலோ உடம்பின் பெரிய ரசாயனக்கூடம். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து கொடுக்கும்போதும் இதே பரப்பை வைத்துத்தான் பல மருந்துகளின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். சரி, ஒரு மனிதரின் மேற்பரப்பை எப்படி அளப்பது? 1916-இல் நியூயார்க்கில் டெலாஃபீல்ட் டுபாய், யூஜின் டுபாய் என்ற இருவர் செய்தது வேடிக்கையானது. மெல்லிய உள்ளாடை அணிந்த ஆட்களின் மேல் காகிதப் பட்டைகளை ஒட்டி அச்செடுத்தார்கள். அச்சைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டையாக விரித்து, ஒளிப்படத் தாளில் அதன் உருவத்தைப் பதித்து, அந்த உருவங்களை வெட்டி எடை போட்டார்கள். தாளின் எடை தெரிந்தால் பரப்பு தெரியும். மொத்தம் 9 பேர். அந்த ஒன்பது உடம்புகளிலிருந்து பிறந்த சூத்திரத்தை உலகமே இன்னும் பயன்படுத்துகிறது. 1987-இல் மோஸ்டெல்லர் என்பவர் மேற்பரப்பைப் பாமரரும் போடக்கூடிய கணக்காக்கினார். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டரில் மேற்பரப்பு. 160 செ.மீ. உயரம், 60 கிலோ எடை என்றால் 1.63.

கல்லீரலுக்கு வருவோம். ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற மலைநகரம், அங்கே ஷின்ஷூ பல்கலைக்கழகம். உயிரோடிருக்கும் ஒருவரின் கல்லீரல் பகுதியை வளர்ந்த இன்னொருவருக்குப் பொருத்தும் அறுவையை 1993-இல் மக்குச்சி என்ற அறுவை மருத்துவரின் குழு முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தது அங்கேதான். 1995-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த உராத்தாவும் தோழர்களும், நலமான கல்லீரல் கொண்ட குழந்தைகளும் பெரியவர்களுமாக 96 பேரின் சி.டி. படங்களை அளந்து ஒரு வரி எழுதினார்கள்: மேற்பரப்பை 706.2-ஆல் பெருக்கி 2.4 கூட்டினால் மில்லிலிட்டரில் கல்லீரலின் கனஅளவு. ஆசிய நாடுகளின் மாற்று அறுவை மையங்களில் அடிக்கடி காதில் விழும் பெயர் உராத்தா. நம் 160 செ.மீ., 60 கிலோ ஆளுக்கு அது தரும் விடை 1156 மி.லி.

மேற்கத்திய உடம்புகளில் போட்டுப் பார்த்தபோது அது இடித்தது. 1999-இல் ஹைனமான் என்ற ஜெர்மானியர் 1332 பிரேதப் பரிசோதனைகளின் கணக்கை வெளியிட்டார். அவர் சூத்திரப்படி அதே ஆளின் கல்லீரல் 1406 மி.லி. 2002-இல் வந்த வோதேயின் சூத்திரம் 1275 என்கிறது. 1968-இலேயே வந்த டிலேண்ட்–நார்த் சூத்திரமோ 1446 வரை போகிறது. ஒரே உயரம், ஒரே எடை. சிறியதற்கும் பெரியதற்கும் இடையே 290 மி.லி. வித்தியாசம். குழந்தைக்கு வெட்டித் தரும் இடதுபக்கத் துண்டு ஒன்றின் அளவு அது.

யார் சொல்வது சரி? என் பார்வையில் கேள்வியே கொஞ்சம் கோணலானது. ஒவ்வொரு வாய்பாடும் தன்னைப் பெற்ற உடம்புகளைத்தான் பேசுகிறது. தொண்ணூறுகளின் மெலிந்த ஜப்பானியர் ஒருபுறம், பெருத்த ஐரோப்பியர் மறுபுறம். ரத்தம் ஓடும் உயிருள்ள கல்லீரலைப் படத்தில் அளந்தவர் ஒருவர், மேசையில் கிடந்த உறுப்பைத் தராசில் போட்டவர் இன்னொருவர். இதை மறந்து சூத்திரத்தை எங்கே வேண்டுமானாலும் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிறந்த குழந்தையே சாட்சி. 50 செ.மீ. நீளம், 3.5 கிலோ எடையுள்ள சிசுவை உராத்தாவில் போட்டால் 158 மி.லி. வருகிறது. சிசுவின் கல்லீரல் உடல் எடையில் 4 முதல் 5 விழுக்காடு இருக்கும் என்ற பொதுவான அறிவோடு அது அழகாகப் பொருந்துகிறது. அதே சிசுவைப் பெரியவர்களுக்காக எழுதிய வோதே சூத்திரத்தில் போட்டால் விடை 'கழித்தல் 515'. குழந்தை நமக்கு அரை லிட்டர் கல்லீரல் கடன்பட்டிருக்கிறது!

குழந்தைகளைப் பற்றிப் பேசாமல் தமிழர்கள் இந்த விஷயத்தைக் கடந்து போக முடியாது. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் கல்லீரல் மாற்று அறுவை 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோவில் நடந்தது. பித்தநாளம் சரியாக உருவாகாமல் பிறந்த, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரே ஆகிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், பிறந்து ஐந்து நாளே ஆன பெண்குழந்தைக்குக் கல்லீரல் மாற்றி கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர் மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்த முகமது ரேலா. இப்போது சென்னை குரோம்பேட்டையில் அவர் பெயரிலேயே மருத்துவமனை இருக்கிறது. சிசுக்களிடம் சிக்கல் தலைகீழ். குழந்தையின் எடையில் 4 விழுக்காட்டுக்கு மேல் போனால் துண்டு பெரிதாகிவிடுகிறது. வயிற்றைத் தைத்து மூட முடியாது. மூடினால் அழுத்தத்தில் ரத்தம் ஓடாது. கல்லீரலின் எட்டுப் பிரிவுகளில் ஒன்றை மட்டும் செதுக்கி எடுத்து வைப்பதெல்லாம் இதற்காகத்தான்.

பெரியவர்களிடம் இந்தியாவுக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே பெரும்பாலான கல்லீரல்கள் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வருகின்றன. கொடுப்பவர்களில் மனைவி, தாய், மகள் அதிகம். வாங்குபவர்களில் ஆண்கள் அதிகம். ஏன் அப்படி என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், அது இனிமையான கட்டுரையாகவும் இருக்காது. அளவைப் பொறுத்தவரை அதன் பொருள், சிறிய உடம்பிலிருந்து பெரிய உடம்புக்கு என்பது.

ஒரு கற்பனைத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவி 152 செ.மீ., 50 கிலோ. கணவர் 80 கிலோ. மனைவியின் மேற்பரப்பு 1.45, உராத்தாப்படி கல்லீரல் 1028 மி.லி. வலது மடல் ஏறத்தாழ 60 விழுக்காடு என்றால் 617 மி.லி. இதை அப்படியே கிராமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்புக்குள் இருக்கும்போது கல்லீரல் ரத்தம் ஊறியிருக்கிறது. வெளியே எடுத்துக் குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலால் அலசியதும் இளைத்துவிடுகிறது. பத்து விழுக்காடு கழித்தால் 555 கிராம். அதைக் கணவரின் 80 கிலோவால் வகுத்தால் 0.69 விழுக்காடு. சர்ஜன்கள் ஜி.ஆர்.டபிள்யூ.ஆர். என்று எழுத்தெழுத்தாகச் சொல்வது இந்த எண்ணைத்தான். நெடுநாளாக ஏற்றுக்கொண்ட கீழ் எல்லை 0.8. பத்தாது.

இப்போது கணவரின் வயிற்றைப் பாருங்கள். முற்றிய சிர்ரோசிஸில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நம் வைத்தியர்கள் மகோதரம் என்று சொன்னது. அவருக்கு அப்படிப் பத்து லிட்டர் இருந்தால், எடை மெஷின் காட்டும் 80-இல் பத்து கிலோ வெறும் தண்ணீர். தண்ணீருக்குக் கல்லீரல் வேண்டாம். 70-ஆல் வகுத்துப் பார்த்தால் 0.79. சற்றுமுன் நிராகரிக்கப்பட்ட மனைவி இப்போது எல்லைக்கோட்டில் நிற்கிறார். 'போன தடவை தண்ணி எடுத்தப்போ எத்தனை லிட்டர்? எடுத்ததும் எடை பார்த்தீங்களா?' என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான். கால்வீக்கத்திலும் லிட்டர்கணக்கில் நீர் இருக்கலாம். நோயாளிக்குத் தசை வேறு கரைந்திருக்கும். ஆக நீரைக் கழித்த எடையும் அவருடைய பழைய எடை ஆகாது. இந்தக் கணக்கில் வரும் எண்களுக்குள் பொய் சொல்லாதது உயரம் ஒன்றுதான். நோய் வருவதற்கு முன் கல்யாணத்துக்கோ கம்பெனி மெடிக்கல் செக்கப்புக்கோ எடுத்த எடை நினைவிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது.

0.8 என்ற கோடு எங்கிருந்து வந்தது? சிறிய துண்டு வைத்தால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படியில்லை. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் நாளம் வழியாக வருகிறது. சிர்ரோசிஸ் நோயாளிக்கு அந்த ஓட்டம் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதிப் பெருத்திருக்கும். பெரிய ஏரியின் மதகைத் திறந்து சின்ன வாய்க்காலில் விட்டால் கரை நிற்குமா? சிறு துண்டின் நுண்குழாய்களின் உட்சுவர் கிழிந்து, செல்கள் செத்து, மஞ்சள் காமாலை இறங்காமல், வயிற்றில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். 1999-இல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து கியூச்சி குழு வெளியிட்ட ஆய்வு, துண்டு சிறுத்தால் பிழைப்பு விகிதமும் சரிகிறது என்று எண்களோடு காட்டியது. குற்றவாளி அளவு மட்டுமல்ல, வெள்ளமும்தான் என்று புரிந்த பிறகு எல்லைக்கோடு கொஞ்சம் இளகியது. மண்ணீரல் தமனியைக் கட்டியோ வேறு வழியிலோ போர்ட்டல் அழுத்தத்தை 15 மி.மீ. பாதரசத்துக்குள் கொண்டுவர முடிந்தால் 0.6 வரைகூட இறங்கலாம் என்று அதே கியோட்டோ பின்னாளில் சொன்னது. அனுபவமுள்ள கைகளுக்கு மட்டும் பொருந்தும் சலுகை அது. தென்கொரியாவில் 2000-இல் சியோலின் அசான் மையம் வேறொரு வழி கண்டது: இரண்டு கொடையாளர்களின் இடது மடல்களை எடுத்து ஒரே ஆளுக்குப் பொருத்துவது. ஒரு நோயாளிக்காக நலமான இரண்டு பேர் மேசையில் படுப்பது எனக்கு உவப்பாயில்லை. இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் வழி அதைவிட மேல்.

கொடுப்பவரின் பக்கம் வாய்பாட்டை நம்பவே கூடாது. அது மொத்தத்தைச் சொல்லும், பாகப்பிரிவினையைச் சொல்லாது. வலது மடல் 60 விழுக்காடு என்று நாம் போட்டது சராசரி. சிலரிடம் அது 70-ஐத் தாண்டும். அவர்களிடம் வலது மடலை எடுத்தால் மிஞ்சுவது 30 விழுக்காட்டுக்கும் கீழே. மீந்த கல்லீரல் குறைந்தது 30, பல மையங்களில் 35 விழுக்காடு இருந்தால்தான் கொடையாளரை உள்ளே விடுவார்கள். இதற்கு சி.டி.யைத் தவிர வேறு வழி கிடையாது. நடு ஈரல்சிரை எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டில் வெட்டினால் இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று கணினியில் வெட்டிப் பார்த்த பிறகே கத்தி. கொழுப்பும் கணக்கில் வரும். கொழுப்பு படிந்த கல்லீரல் படத்தில் பெரிதாகத் தெரியும். அந்தப் பெருக்கம் வேலை செய்யாது. கொடுக்க முன்வந்த மகனை "ஆறு கிலோ குறைச்சுட்டு வாங்க" என்று சில வாரங்களுக்கு நடைப்பயிற்சிக்கு அனுப்பி வைப்பதும், அவர் இளைத்து வந்ததும் மறுபடி ஸ்கேன் எடுப்பதும் வழக்கமாக நடப்பவை.

வாய்பாடு தனியே களத்தில் நிற்பது மூளைச்சாவுக் கொடையின் இரவுகளில். கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதே அமைப்பிலிருந்தோ தமிழகத்தில் உறுப்பு மாற்று ஆணையத்திலிருந்தோ அழைப்பு வரும். ஐ.சி.யூ.வில் கிடப்பவரின் வயது, ரத்த வகை, உயரம், எடை. பல சமயம் உயரம் என்பது படுக்கையில் நாடா வைத்து அளந்தது, எடை என்பது உறவினர் சொன்னது. இதை வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள யாரை மருத்துவமனைக்குக் கிளம்பி வரச்சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். ஆறடி ஆணின் கல்லீரல் ஐந்தடிக்கும் குறைந்த பெண்ணின் விலாவுக்குள் அடங்காது. உயரம் குறைந்த பெண்கள் காத்திருப்புப் பட்டியலில் அதிகம் பின்தங்குகிறார்கள் என்பதை அமெரிக்கத் தரவுகள் காட்டியிருக்கின்றன. மேற்பரப்பு ஒன்றாக இருந்தாலும் மார்புக்கூட்டின் வடிவம் மாறுபடுவதால், மார்பின் அகலத்தைச் சேர்த்த வாய்பாடுகளையும் ஜப்பானியர் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வெட்டி எடுத்த துண்டை ஐஸ் தட்டில் வைத்து அலசும் பின்மேசையில் ஒரு தராசு இருக்கும். அங்கேதான் உண்மையான எடை முதன்முதலாகத் தெரியவருகிறது. அதற்குள் கொடுத்தவர் கொடுத்தாயிற்று. எண்ணைப் பார்த்து யாரும் மனம் மாற முடியாது. ஆனால் அந்த எண்ணை ஸ்கேன் சொன்னதோடும் வாய்பாடு சொன்னதோடும் ஒப்பிட்டுத் தங்கள் கழிவு விகிதத்தைத் திருத்திக்கொள்ளும் மையங்கள், அடுத்த குடும்பத்துக்குச் சரியாகப் பதில் சொல்கின்றன.

இந்திய உடம்பு இதில் தனிக் கவனம் கேட்கிறது. அதே உயர எடை விகிதத்தில் நம்மவர்களிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதைப் புனேயின் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார். அப்படியானால் 60 கிலோ ஜப்பானியரும் 60 கிலோ சேலத்துக்காரரும் வாய்பாட்டுக்கு ஒன்றாகிவிட மாட்டார்கள். சில இந்திய மையங்கள் தங்கள் கொடையாளர்களின் படங்களிலிருந்து சொந்தச் சூத்திரம் தருவித்தும் பார்த்திருக்கின்றன. ஒவ்வொரு மையமும் தன் சில நூறு பேரோடு நிற்பதுதான் குறை. கொடையாளரின் உயரம், எடை, சி.டி. கனஅளவு, பின்மேசை எடை ஆகிய நான்கும் சென்னையிலும் டெல்லியிலும் பொம்மசந்திராவிலும் ஏற்கெனவே கோப்புகளில் எழுதி வைத்தவை. பெயரை நீக்கிவிட்டு அவற்றை ஒரே அட்டவணையில் கொட்ட ஒரு கணினியும் நாலு மையங்களின் சம்மதமும் போதும். உராத்தாவுக்குக் கிடைத்தவர்கள் 96 பேர். இங்கே ஆண்டுதோறும் அதைப்போலப் பல மடங்கு பேர் அந்த ஸ்கேன் மேசையில் ஏறி இறங்குகிறார்கள்.